மடற்குழு தொடங்கப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

குடியிருப்போர் சங்கம், பழைய மாணவர் கூட்டம், ஏரிக் காப்புக் குழு என்று பலருக்கும் மடற்குழு அமைத்துக் கொடுத்து வருகிறேன். யாகூ காலத்திலிருந்தே இதுதான் வேலை. குழுவின் ஒரே முகவரிக்கு எழுதும் மடல் உறுப்பினர் எல்லோருக்கும் மின்னஞ்சலாகப் போய்ச் சேரும், அதுதான் மடற்குழு. வந்த வரிசையில் பதில் சொல்கிறேன். வாட்ஸ்அப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது, அதைக் கேட்க வேண்டாம்.

தாம்பரத்திலிருந்து ஒரு சங்கச் செயலாளர்: 140 வீடு. வாட்ஸ்அப்பிலேயே எல்லாம் நடக்கிறது. மடற்குழு எதற்கு?

சொன்னேனா இல்லையா! சரி, முதல் கேள்வி என்பதால் பதில் சொல்கிறேன். போன வருஷம் லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் என்ன தொகைக்கு முடிந்தது என்று உங்கள் வாட்ஸ்அப்பில் தேடிப் பாருங்கள். ரோஜாப்பூ காலை வணக்கம், காணாமல் போன செருப்பு, தண்ணீர் லாரி, மறுபடி ரோஜாப்பூ. போன மாதம் குடிவந்தவருக்கு அதுவும் கிடைக்காது. அவர் சேர்வதற்கு முன்னால் பேசியது பெரும்பாலும் அவர் கண்ணில் படாது. மடற்குழுவில் பொருள் வரியில் (சப்ஜெக்ட்) ‘லிப்ட் ஒப்பந்தம்’ என்று தேடினால் மொத்த இழையும், அதாவது அந்த மடலும் அதற்கு வந்த பதில்களும், வந்து நிற்கும். ‘மோட்டார் ஓடவில்லை’ என்பதை வாட்ஸ்அப்பில் போடுங்கள். ‘மோட்டாரை மாற்றலாமா’ என்பதை மடற்குழுவில் பேசுங்கள்.

மதுரை, பழைய மாணவர் சங்கம்: எங்கிருந்து ஆரம்பிப்பது? கணினி அறிவு குறைவு.

கூகுள் குழுமம் போதும், காசு கிடையாது. ஜிமெயில் இல்லாதவரும் சேரலாம். குழு முகவரியில் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல்குறியும் ‘சப்ஸ்கிரைப்’ என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்து அந்த முகவரிக்கு வெறும் மடல் அனுப்பினால் ஆயிற்று. குரூப்ஸ்.ஐஓ என்ற மடற்குழுத் தளம் இன்னும் வசதியானது, ஆனால் புதிய இலவசக் குழுவில் 100 பேருக்கு மேல் முடியாது.

குழுவைத் திறந்ததும் யாரையும் சேர்க்காதீர்கள். முதலில் அமைப்புகள் பக்கத்துக்குப் போய் நான்கு விஷயத்தைத் தீர்மானியுங்கள். யார் சேரலாம், யார் எழுதலாம், பழைய மடல்களை யார் படிக்கலாம், உறுப்பினர் பட்டியலை யார் பார்க்கலாம். சங்கம் என்றால் கடைசி இரண்டும் வெளியாருக்கு மூடியே இருக்கட்டும். பட்டியலை உரிமையாளர்கள் மட்டும் பார்த்தால் போதும். இல்லாவிட்டால் காப்பீட்டு முகவராக இருக்கும் உங்கள் வகுப்புத் தோழர் முதல் வாரமே வேலையைக் காட்டிவிடுவார்.

அப்புறம், இதை நான் எல்லோரிடமும் சொல்வேன், இன்றும் பலமுறை சொல்வேன்: உரிமையாளர் இரண்டு பேர் வேண்டும். நான் உறுப்பினராக இருந்த ஒரு பழைய மாணவர் குழுவில் உரிமையாளர் ஒரே ஒருவர். நல்ல மனிதர், எட்டு வருஷம் தனியாகப் பார்த்துக்கொண்டார். ஒருநாள் காலமாகிவிட்டார். கடவுச்சொல் வீட்டில் யாருக்கும் தெரியாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதிய மடல்கள் அனுமதிக்குக் காத்துக் கிடந்தன. அவருக்கு அஞ்சலி எழுதிய ஒரு ஜூனியரின் மடலும் அந்த வரிசையில்தான் கிடந்தது. கடைசிவரை வெளியே வரவில்லை.

கோவை: சங்கப் பதிவேட்டில் 300 மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. அப்படியே சேர்த்துவிடலாமா?

கூடாது. அழைப்பு அனுப்புங்கள், விரும்பியவர் சேரட்டும். கேட்காமல் சேர்த்தால் பாதிப் பேர் விலகும் வழி தேட மாட்டார்கள், ‘ஸ்பேம்’ பொத்தானைத்தான் அமுக்குவார்கள். ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து கெடுபிடியாக இருக்கிறது. மொத்தமாக மடல் அனுப்புகிறவர்கள் மேல் வரும் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது. அந்த விதி பெரிய அனுப்புநர்களுக்குத்தான், ஆனால் உங்கள் குழுவுக்கும் கணக்கு போட்டுப் பாருங்கள். 300 பேரில் ஒருவர் அமுக்கினாலே 0.33. அழைப்பில் சேருபவர் 90 பேர்தான் இருப்பார்கள். அந்த 90 பேர் படிப்பார்கள்.

சேலம்: வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் சேர்க்கலாமே, மடற்குழு தேவையா?

முதல் பதிலைப் படியுங்கள்.

திருச்சி: ‘ரிப்ளை’ அமுக்கினால் பதில் குழுவுக்குப் போக வேண்டுமா, எழுதியவருக்கு மட்டுமா?

ஆஹா. மடற்குழு உலகத்தில் முப்பது வருஷமாக ஓடும் சண்டை இது. நான் எழுதியவருக்கு மட்டும் என்ற கட்சி. காரணம் ஒன்றே ஒன்று. குழுவுக்குப் போக வேண்டியது ஒருவருக்குப் போனால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். ஒருவருக்குப் போக வேண்டியது குழுவுக்குப் போனால் திரும்ப எடுக்க முடியாது. ஒரு சங்கத்தில் பொருளாளர், “தலைவர் கொண்டுவந்த கொட்டேஷன் அவர் மச்சானுடையது, வாயைத் திறக்காதே” என்று நண்பருக்கு எழுதினார். பதில் குழுவுக்கே போகும்படி அமைத்திருந்தார்கள். 212 பேர் படித்தார்கள், தலைவரின் மச்சான் உட்பட.

கோவைக்காரரே மீண்டும்: இது சரியில்லை சார். ஆளுக்கே பதில் போனால் விவாதமே செத்துவிடும். எங்கள் பழைய குழு அப்படித்தான் படுத்தது.

நியாயமான பேச்சு. கேள்வி கேட்டவருக்குப் பத்துப் பேர் தனித்தனியாகப் பதில் எழுத, மற்றவர்கள் ‘இங்கே யாருமே பேசுவதில்லை’ என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அதற்கு மருந்து ‘ரிப்ளை ஆல்’ என்ற பொத்தான். அதை ஒருமுறை கற்றுக்கொடுங்கள்.

டொரொண்டோ: எங்கள் முதியோர் குழுவில் ‘ரிப்ளை ஆல்’ சொல்லிக்கொடுத்துக் களைத்துவிட்டேன். குழுவுக்கே என்று மாற்றிய பிறகுதான் பேச்சு வந்தது. நீங்கள் புத்தகத்தில் படித்ததைச் சொல்கிறீர்கள்.

புத்தகமா! அந்த மச்சானிடம் சமாதானம் பேசப் போனவன் நான். இருந்தாலும் உங்கள் குழு, உங்கள் பெரியவர்கள், நீங்கள்தான் அறிவீர்கள். 50 பேருக்குள், எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்றால் குழுவுக்கே வைத்துக்கொள்ளலாம், விட்டுக்கொடுக்கிறேன். பணம், தேர்தல், ஒப்பந்தம் பேசும் சங்கத்துக்கு மட்டும் வேண்டாம். இன்னும் ஆறு பேர் இதைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள், நான்கு பேர் எனக்கு எதிராக. தனியாக அனுப்பியிருக்கலாம், எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். பார்த்தீர்களா?

ஈரோடு: யாகூ முகவரிக்காரர் எழுதினால் ஜிமெயில்காரர்களுக்கு மடல் வருவதில்லை. சொந்த சர்வரில் மெயில்மேன் என்ற மடற்குழு மென்பொருளின் பழைய பதிப்பு ஓடுகிறது.

2014 ஏப்ரலில் யாகூ ஓர் அறிவிப்பு வைத்தது. ‘எங்கள் முகவரியோடு வரும் மடலில் எங்கள் முத்திரை சரியாக இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்’ என்று. டிமார்க் என்பார்கள். உங்கள் சர்வர் மடலை வாங்கி, பொருள் வரியில் சங்கப் பெயரைச் சேர்த்து, அடியில் நாலு வரி ஒட்டி அனுப்புகிறது. உறையைப் பிரித்து மறுபடி ஒட்டிய மாதிரி. முத்திரை உடைந்துவிட்டது, ஜிமெயில் வாங்க மறுக்கிறது. கொடுமை என்னவென்றால், திரும்பி வந்த மடல்களை எண்ணி மெயில்மேன் தண்டிப்பது எழுதியவரை அல்ல, ஒரு பாவமும் அறியாத ஜிமெயில்காரர்களை. அவர்களுக்கு மடல் அனுப்புவதையே நிறுத்திவிடும். அனுப்புநர் இடத்தில் ‘இன்னார், சங்கம் வழியாக’ என்று போடும் அமைப்பு 2.1.18 பதிப்பிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் இருக்கிறது, அதைப் போடுங்கள். ஆனால் மெயில்மேன் 2 ஓடுவது பைத்தான் 2 என்ற நிரல்மொழியில். அதன் ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் கூகுளுக்கு மாறிவிடுங்கள். மாறும்போது உரிமையாளர் இரண்டு பேர்.

வேலூர்: பழைய மடல்களைச் சேமிப்பது அவசியமா? இணையத்தில் இருக்கத்தானே செய்கிறது?

யாகூ குழுக்களில் இருந்த ஆயிரக்கணக்கான தமிழ் மடல்கள் எங்கே? 2019 அக்டோபரில் புதிதாக எதையும் ஏற்ற முடியாது என்றார்கள், டிசம்பரில் பழையதை அழிக்கத் தொடங்கினார்கள், 2020 டிசம்பர் 15-ஆம் தேதி கடையையே மூடினார்கள். இத்தனைக்கும் தமிழ்க் கணிமை வளர்ந்ததே மடற்குழுக்களில்தான். யூனிகோடு பரவுவதற்கு முன் கணினியில் தமிழ் எழுத நாம் பயன்படுத்திய திஸ்கி எழுத்துக் குறியீடு, பல நாட்டுத் தமிழர்கள் மடல் வழியே வாதாடி வகுத்தது. தமிழ் நூல்களை மின்னூலாக்கி இலவசமாகத் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்களும் மின்னஞ்சலில்தான் கூடினார்கள். கூகுளில் உள்ள தரவை இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாக உரிமையாளர் மொத்தத்தையும் இறக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள்.

நெல்லை: சண்டை வந்தால்?

வரும். புதியவரின் முதல் சில மடல்களைப் பார்த்துவிட்டு அனுமதியுங்கள். வம்பு வளர்ந்தால் அந்த இழையை மட்டும் பூட்டுங்கள். மடல்களைப் பார்த்து அனுமதிக்கும் மட்டுறுத்துநர் சண்டையில் கலந்துகொள்ளக் கூடாது.

ஓசூர்: வாட்ஸ்அப் கம்யூனிட்டி என்று ஒன்று வந்திருக்கிறதே…

அடுத்த கேள்வி.

காரைக்குடி, ஊருணி சீரமைப்புக் குழு: எல்லாம் அமைத்தாயிற்று. முதல் மடல் என்ன எழுதுவது?

‘அனைவரையும் வருக வருக என வரவேற்கிறோம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அதற்கு 40 ‘நன்றி’ வரும், அன்று இரவே பத்துப் பேர் விலகுவார்கள். அறிவிப்பதற்கு முன்னால் எழுதும் பழக்கமுள்ள பன்னிரண்டு பதினைந்து பேரைச் சேர்த்து, இரண்டு வாரம் நிஜமாகவே பேசுங்கள். அப்புறம் மற்றவர்களை அழையுங்கள். வருகிறவருக்கு வீட்டில் ஆள் நடமாட்டம் தெரிய வேண்டும். முதல் மடலில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி இருக்கட்டும். இப்படி: “தென்கரைப் படிக்கட்டில் ஏழு படி பெயர்ந்திருக்கிறது. கொத்தனார் இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள், இருவர் சொன்ன தொகையும் கீழே. யாரிடம் கொடுக்கலாம்? ஞாயிறு மாலைக்குள் எழுதுங்கள்.” அடியில் விலகும் வழி ஒரு வரி, உங்கள் பெயர், இரண்டாவது உரிமையாளரின் பெயர்.