சுர்ரோஸ் எண்ணெயில் வெடிக்காமல் இருக்க

கேள்வி: வீட்டில் சுர்ரோஸ் (மாவைக் குச்சிபோலப் பிழிந்து பொரிக்கும் ஸ்பெயின் பலகாரம்) செய்து பார்த்தேன். மைதாவில் முட்டையும் பேக்கிங் பவுடரும் சேர்த்துப் பிசைந்து, பிளாஸ்டிக் கவரின் மூலையை வெட்டிப் பிழிந்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு வெடித்து, அடுப்பெல்லாம் எண்ணெய் தெறித்தது. மற்றவை வெளியே சிவந்தும் உள்ளே மாவாகவே இருந்தன. எங்கே தப்பு? முறுக்கு அச்சில் பிழியலாமா?

பதில்: தாராளமாகப் பிழியலாம். ஸ்பெயினில் இதற்கென்றே உள்ள சுர்ரேரா என்ற கருவியும் மாவைக் குழலில் அடைத்து மேலிருந்து அழுத்திப் பிழிவதுதான். வெடித்ததற்கு முதல் காரணமாக நான் நினைப்பது, கவரில் நீங்கள் வெட்டிய வட்ட ஓட்டை.

மாவு எண்ணெயில் விழுந்ததும் அதன் மேல்பக்கம் காய்ந்து ஓடுபோல இறுகிவிடும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறப் பார்க்கும். வழவழவென்று உருண்டையாக இருந்தால் ஆவிக்கு வழி கிடைக்காது. அழுத்தம் ஏறி, ஓரிடத்தில் பிளந்து, கொதிக்கும் மாவையும் எண்ணெயையும் வெளியே வீசும். நட்சத்திர வடிவத்தில் பிழிந்தால் பள்ளமும் மேடுமாக இருக்கும் ஓடு விரிந்துகொடுக்கும். வெப்பம் உள்ளே போவதற்குப் பரப்பும் கூடுதலாகக் கிடைக்கும். அதனால்தான் அந்த வரிகளை விடவே கூடாது என்கிறேன். உங்கள் அச்சில் ஒற்றை நட்சத்திரத் தட்டு இருந்தால் அதைப் போடுங்கள். வட்டத் துளைத் தட்டு வேண்டாம்.

அடுத்தது மாவு. ஸ்பெயினின் பழைய முறையில் மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். முட்டையும் வெண்ணெயும் சேர்ப்பது வேறு வகை. 200 கிராம் மைதாவுக்கு 220 மில்லி தண்ணீர், முக்கால் தேக்கரண்டி உப்பு போதும். மைதாவைக் கட்டாயம் சலித்துவிடுங்கள். உப்புப் போட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மொத்தமாக மைதாவில் ஊற்றி, மரக்கரண்டியால் உடனே கிளறுங்கள். கொழுக்கட்டைக்கு மாவு கிளறுவது மாதிரிதான். கொதிநீரில் மைதாவின் மாவுச்சத்து பாதி வெந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் மாதிரி இழுக்கும் தன்மையும் வராது. ஆறிய தண்ணீரில் பிசைந்தால் மாவுச்சத்து வேகாது, இழுக்கும் தன்மையும் வந்துவிடும். உலர்ந்த மாவு எங்கும் தெரியாத வரை கிளறினால் போதும், சப்பாத்திக்குப் போல அடித்துப் பிசைய வேண்டாம். மூடி வைத்து 10 நிமிடம் கழித்து, கை பொறுக்கும் சூட்டிலேயே பிழிந்துவிடுங்கள்.

அச்சில் நிரப்பும்போது நல்ல கவனம் வேண்டும். மாவுக்குள் காற்று சிக்கினால் அதுவும் வெடிப்புக்கு வழி. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கரண்டிக் காம்பால் அழுத்தி அடையுங்கள். முதலில் வரும் ஒரு விரல் நீளத்தை வெட்டி மாவிலேயே திரும்பப் போட்டுவிடலாம். நேராக எண்ணெய்க்கு மேலே பிழிய வேண்டாம். பட்டர் பேப்பரில் 12 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பிழிந்து வெட்டி வைத்து, ஒவ்வொன்றாக ஓரத்திலிருந்து நழுவ விடுங்கள். நடுவில் வெடிப்போ குமிழோ தெரிந்தால் அதை மறுபடி உருட்டி அச்சில் போடுங்கள்.

வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். சூடு 180 முதல் 190 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் ஒரு துளி மாவைப் போடுங்கள். சுற்றிலும் குமிழ் விட்டபடி சில நொடியில் மேலே வந்தால் சரி, வந்ததுமே சிவந்தால் சூடு அதிகம். வெளியே சிவந்து உள்ளே மாவாக இருந்ததற்கு அதிகச் சூடும் தடிமனும்தான் காரணம். ஒரு சமயத்தில் நாலைந்துக்கு மேல் போடாமல் இரண்டு மூன்று நிமிடம் பொரியுங்கள். அச்சின் துளை சிறியதென்றால் இன்னும் சீக்கிரம் வெந்துவிடும். பக்கத்தில் பெரிய மூடி ஒன்று தயாராக இருக்கட்டும். சடசடவென்று தெறிக்க ஆரம்பித்தால் அடுப்பை அணைத்து மூடிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் குழந்தைகள் யாரும் வேண்டாம்.

பேக்கிங் பவுடரை விட்டுவிடுங்கள். ஸ்பெயினில் பொர்ராஸ் என்று தடிமனான ஒரு வகை உண்டு. அதில் சமையல் சோடா சேர்த்து, பெரிய சக்கரமாகப் பிழிந்து பொரித்துக் கத்தரியால் வெட்டுவார்கள். அது கை பழகியவர்கள் செய்வது. முதலில் மெல்லியது நன்றாக வரட்டும்.

தொட்டுச் சாப்பிட, மாட்ரிட் கடைகளில் தருவது போல கெட்டியான சூடான சாக்லெட்தான் பொருத்தம். அரை லிட்டர் பாலில் ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரைக் கரைத்து, 100 கிராம் டார்க் சாக்லெட் சேர்த்து, கரண்டியில் ஒட்டும் பதம் வரை சிறுதீயில் கிளறுங்கள். அங்கே சுர்ரோஸ் மேல் வெறும் சர்க்கரைதான் தூவுவார்கள். பட்டைத்தூள் சேர்ப்பது மெக்சிகோ பழக்கம், பிடித்தால் சேருங்கள். அப்புறம், சாக்லெட்டை முதலில் தயார் செய்துவிட்டுப் பொரிக்கத் தொடங்குங்கள், ஏனென்றால் சுர்ரோஸ் கால் மணி நேரத்திலேயே மொறுமொறுப்பு போய்விடும்.