வைவா முடியும் முன்பே போஸ்ட்டாக் தேடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கு வடக்கே இருக்கிறது. பாக் விரிகுடாவின் கடல்தாழை (கடலடியில் வளரும் கடற்புல்) பற்றிய பி.எச்டி ஆய்வேட்டைப் போன மாதம் சமர்ப்பித்தேன். வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, இன்னும் நடக்கவில்லை. வயது 31. போஸ்ட்டாக் (பி.எச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) கேட்டுப் பல பேராசிரியர்களுக்கு சி.வி. அனுப்பியும் ஒருவரும் பதில் போடவில்லை. பல்கலைக்கழக விளம்பரங்களில் என்னென்னவோ பெயர்களில் வேலை வருகிறது. எது எனக்கானது என்று புரியவில்லை. பேசாமல் என் கைடிடமே தொடரலாமா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் அதிக தூரம் போகவும் தயக்கமாக இருக்கிறது.

பதில்:

விளம்பரத்திலிருந்து தொடங்குவோம். வேலையின் பெயரை விட்டுவிட்டு, கல்வித் தகுதி என்று போட்டிருக்கும் வரியைப் படியுங்கள். எம்.எஸ்சி.யும் நெட் தேர்வும் கேட்டிருந்தால் அது ஜே.ஆர்.எஃப். (ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோ) மாதிரியான வேலை. பி.எச்டி முடித்த கையோடு அதில் சேர்ந்தால் நீங்கள் மறுபடியும் மாணவிதான். பி.எச்டி கேட்பது ரிசர்ச் அசோசியேட் பணி. நம் பல்கலைக்கழகங்களில் ப்ராஜெக்ட் பணத்தில் வரும் போஸ்ட்டாக் பெரும்பாலும் இந்தப் பெயரில்தான் இருக்கும். 2023 ஜனவரி முதல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை இதற்கு வைத்திருக்கும் மாதத் தொகை 58,000, 61,000, 67,000 ரூபாய் என மூன்று படிகள், வீட்டு வாடகைப்படி தனி. ஜே.ஆர்.எஃப்.புக்கு 37,000. அவசரத்தில் சின்ன வேலையில் சேர்ந்துவிட்டு, அடுத்த இன்டர்வியூவில் அதற்குக் காரணம் சொல்லத் திணறுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அடுத்து, பணிக்காலம். “ப்ராஜெக்ட் முடியும் வரை” என்று போட்டிருப்பார்கள். மூன்று வருட ப்ராஜெக்டில் இரண்டரை வருடம் ஓடிய பிறகு ஆள் எடுப்பதும் உண்டு. இன்னும் எத்தனை மாதம் மிச்சம் என்று இன்டர்வியூவிலேயே கேளுங்கள், தப்பில்லை. கடலில் களப்பணி என்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும்: அனுமதி கையில் இருக்கிறதா? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே மாதிரி எடுக்க முடியாது. விண்ணப்பித்து அனுமதி வர மாதக்கணக்கில் ஆகலாம். கடல்பசு, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. ஒரு வருட வேலையில் ஆறு மாதம் காகிதத்துக்காகக் காத்திருந்தால் கட்டுரை எப்படி வரும்?

வைவா முடியாததால் எல்லாக் கதவும் மூடியதாக நினைக்க வேண்டாம். ரிசர்ச் அசோசியேட் வேலைக்குப் பெரும்பாலும் பட்டமோ புரொவிஷனலோ (தற்காலிகப் பட்டச் சான்று) கையில் வேண்டும் என்பார்கள். ஆனால் மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப். தரும் தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு, முன்பு எஸ்.இ.ஆர்.பி. என்ற வாரியம் நடத்தியதுதான், ஆய்வேடு சமர்ப்பித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். பட்டம் வரும்வரை தொகை குறைவாக இருக்கும், அவ்வளவுதான். காலம் இரண்டு வருடம். வயது வரம்பு 35, பெண்களுக்கு இன்னும் 5 வருடத் தளர்வு உண்டு. அழைப்பு எப்போதாவது ஒருமுறைதான் வரும், வந்தால் சில வாரம்தான் திறந்திருக்கும். உங்களை ஏற்கும் வழிகாட்டியும் அவர் நிறுவனத்தின் ஒப்புதலும் அதற்குள் தயாராக இருக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், விளம்பரத்துக்காகக் காத்திருக்காமல் ஆளை இப்போதே தேடுங்கள்.

பதில் வராத மின்னஞ்சல்களுக்கு வருவோம். நீங்கள் எழுதியதை நான் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்கு வருகிறவற்றை வைத்து ஊகிக்க முடிகிறது. “மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான ஆய்வகத்தில் ஒரு வாய்ப்பு” என்று தொடங்கும் கடிதம். பேரை மாற்றினால் யாருக்கும் அனுப்பலாம். படிப்பவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். மாறாக இப்படி எழுதிப் பாருங்கள்: “செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு தாழைப் பரப்பைக் கணக்கிட்ட உங்கள் கட்டுரையைப் படித்தேன். எங்கள் கடலில் தண்ணீர் கலங்கிக் கிடக்கும் இடங்களில் படம் தாழையைத் தவறவிடுகிறது. அந்த இடங்களை நான் மூன்று வருடம் முங்கி அளந்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்தால் கலங்கல் நீருக்கான திருத்தத்தை உருவாக்கலாம்.” நாலே வரி. இதைப் படிக்கிறவருக்கு உங்களிடம் பேச வேண்டும் என்று தோன்றும். கூடவே இரண்டு பக்க சி.வி., உங்கள் சிறந்த கட்டுரை ஒன்று. இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். நாற்பது பேருக்கு ஒரே கடிதம் அனுப்புவதை விட எட்டுப் பேருக்கு எட்டுக் கடிதம் எழுதுங்கள்.

இந்தக் கரையில் பிறந்ததை நீங்கள் சி.வி.யில் ஒரு முகவரியாக மட்டும் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது பெரிய தகுதி. வாடைக் காற்றுக் காலத்தில் வடகடலான பாக் விரிகுடா கொந்தளிக்கும், கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும் என்பது உங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். வருடம் முழுக்கக் களப்பணி என்று திட்டம் போடும் வெளியூர் ஆய்வாளர் அதை முதல் வருடத்தைத் தொலைத்த பிறகுதான் கற்றுக்கொள்வார். எந்த மாதம் பாக் விரிகுடாவில் இறங்கலாம், எப்போது பாம்பனைத் தாண்டித் தெற்கே போகலாம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான விசைப்படகுத் தடைக்காலத்தில் எந்த ஊரில் வல்லம் என்னும் நாட்டுப் படகு கிடைக்கும் என்று உங்கள் திட்ட அறிக்கையில் மாதவாரியாக எழுதுங்கள். பாசி எடுக்கும் பெண்களோடு அவர்கள் பேச்சிலேயே பேசத் தெரியும் என்பதையும் எழுதுங்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் பார்ப்பது, இந்த வேலை நடக்குமா என்பதைத்தான்.

கைடிடமே தொடர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவர் மேல் குறை இருப்பதாகச் சொல்லவில்லை. நாளை உதவிப் பேராசிரியர் இன்டர்வியூவில், இந்த யோசனை உங்களுடையதா அவருடையதா என்று கேட்பார்கள். ஒரே ஆய்வகத்தில் எட்டு வருடம் இருந்தவரால் அதற்கு விடை சொல்வது கடினம். அவரிடம் கேட்க வேண்டியது நல்ல பரிந்துரைக் கடிதம்.

அம்மாவைப் பற்றிச் சொன்னீர்கள். அதை ஒரு பலவீனமாக நினைக்காதீர்கள், திட்டத்தை அதற்கேற்பப் போடலாம். பக்கத்திலேயே வேண்டும் என்றால் தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், குஜராத்தைத் தலைமையிடமாகக் கொண்ட உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் நிறுவனத்தின் கடற்பாசி ஆய்வு நிலையமும் இருக்கின்றன. இவற்றில் நீங்கள் பி.எச்டி செய்த இடத்தை விட்டு மற்றவற்றுக்கு எழுதுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்னொரு வழியையும் யோசிப்பேன்: வழிகாட்டி பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலோ சென்னையிலோ இருக்கட்டும், களம் உங்கள் ஊர்க் கடலாக இருக்கட்டும். வருடத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே கடலுக்குப் போகலாம். குடும்பக் காரணத்தால் ஆய்வு விட்டுப் போகக் கூடாது என்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை பெண்களுக்காக நடத்தும் வைஸ் போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் ஒன்றும் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

வெளிநாடு இப்போதைக்கு வேண்டாம் என்று நினைத்தாலும் ஒரு எச்சரிக்கை. அங்கிருந்து யாராவது “கொஞ்சம் தாழை மாதிரி அனுப்புங்கள், சேர்ந்து கட்டுரை போடலாம்” என்று கேட்டால் உடனே அனுப்பிவிடாதீர்கள். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் ஒப்புதல் தேவையா என்று முதலில் விசாரியுங்கள். போஸ்ட்டாக் இடம் உறுதி, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று வரும் மின்னஞ்சலை அப்போதே அழித்துவிடுங்கள்.

இந்த வாரமே பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு சமர்ப்பித்ததற்கான சான்று ஒன்று எழுதி வாங்கி வையுங்கள். வைவா முடிந்த அன்றே புரொவிஷனலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.