கிளைதானே?

கேள்வி: மகளுக்குத் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கிடைத்திருக்கிறது. சொந்தக்காரர் எல்லாரும் "அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கிளைதானே, இன்னொருக்கா சோதனை எடுக்கட்டும்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?
- ஒரு தகப்பன், மானிப்பாய்

பதில்: என்னைக் குத்தியது அந்தத் 'தானே'. பொம்பிளைப் பிள்ளைதானே, நாட்டு வைத்தியம்தானே, கிழக்குத்தானே என்று எதோடு ஒட்டினாலும் அதன் உயரத்தில் ஒரு சாண் குறைத்துவிடும். யாழ்ப்பாணத்தாரின் இந்தக் குணத்தைப் பற்றி எழுதி முன்னரும் வசவு வாங்கியிருக்கிறேன். இன்னும் எழுதுவேன்.

1974இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி வளவில் தொடங்கியது என்ன? இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம். அன்று நாட்டுக்கே ஒரு பல்கலைக்கழகம். பேராதனையும் கொழும்பும்கூட அதன் வளாகங்கள்தான். கைலாசபதி முதல் தலைவராக இருந்து வளர்த்த அந்த வளாகம் 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஆனாலும் "பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது" என்றுதான் இன்றும் ஊரெல்லாம் சொல்லி மகிழ்கிறோம். கம்பஸ் என்றால் வளாகம்தானே. திருகோணமலை வளாகம் இருக்கும் நிலாவெளி வீதிக்குப் போனதும் அதே சொல் ஏன் சிறுக்க வேண்டும்? வவுனியாவையும் இப்படித்தான் சொன்னார்கள். 1997இல் யாழ்ப்பாணத்தின் வளாகமாக இருந்தது, 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம்.

இலங்கையில் சித்த மருத்துவப் பட்டம் படிக்க இருப்பதே இரண்டு இடம், யாழ்ப்பாணமும் திருகோணமலையும். ஒருமுறை நிலாவெளி பஸ்ஸில் பக்கத்திலிருந்த மாணவியின் மடியில் ஈரத்துணியில் சுற்றிய குப்பைமேனி, வேரோடு. பூவைத் தாங்கிய சின்னக் கிண்ணம் போன்ற இலைகளை நகத்தால் விரித்துக் காட்டினாள். "இதுக்குப் பூனைவணங்கி எண்டும் பேர், ஐயா. வேரைக் கண்டால் பூனை மயங்கி உருளும்." எங்கள் வளவில் வருடக்கணக்காக நான் பிடுங்கி எறிந்த பூண்டு அது. இறங்கும்வரை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வளாகங்களில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். விடுதி கிடைக்குமா, விரிவுரையாளர் போதுமா என்று நேரே போய் விசாரியுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். சொந்தக்காரர் சொன்னதெல்லாம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அவளுக்கு இந்தப் படிப்பில் விருப்பமா என்று ஒரு வரிகூட இல்லை.