வேகஸ் நரம்பைத் தூண்டினால் அழற்சி நோய்கள் தீருமா?

"வேகஸ் நரம்பைத் தூண்டினால் மூட்டு வீக்கம் முதல் குடல் அழற்சி வரை எல்லாம் சரியாகும் என்கிறார்களே, இதற்குப் பின்னால் ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா, அல்லது வெறும் வியாபாரமா?" என்பது கேள்வி. இரண்டும் இருக்கிறது. வேகஸ் என்பது மூளையிலிருந்து கழுத்து வழியாக இதயம், குடல் வரை இறங்கும் நரம்பு. பல ஆண்டுகளாக, மூட்டுகளில் அழற்சி உண்டாக்கும் முடக்குவாதத்தோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். அதனால் இந்த ஆராய்ச்சியைக் கொஞ்சம் சுயநலத்தோடுதான் பின்தொடர்ந்து வருகிறேன்.

ஆராய்ச்சிக்குச் சொந்தக்காரர் கெவின் டிரேசி, அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர். 1985இல் அவர் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, தீக்காயத்திலிருந்து தேறிவந்த ஒரு பெண் குழந்தை திடீரென்று இரத்த அழுத்தம் சரிந்து, பின்னர் இறந்துபோனது. ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உடலே அளவுக்கு மீறிச் சுரக்கும் டி.என்.எஃப். என்ற, அழற்சியைத் தூண்டும் புரதம் இத்தகைய அதிர்ச்சிக்குக் காரணமாக முடியும் என்பதை அவரும் அவருடைய குழுவினரும் பபூன் குரங்குகளில் செய்த சோதனையில் காட்டினார்கள். அந்தப் புரதத்தை எதிர்ப்பொருள் கொடுத்து முன்கூட்டியே முடக்கியபோது விலங்குகள் பிழைத்தன. இது 1987இல் வெளியானது. இன்று முடக்குவாதத்துக்குப் போடும் விலை உயர்ந்த ஊசி மருந்துகள் பலவும் இதே புரதத்தைத்தான் குறிவைக்கின்றன.

சுவாரசியமான கட்டம் இதற்குப் பிறகு வருகிறது. அழற்சியை அடக்கும் மருந்து ஒன்றைச் சிறிதளவு எலியின் மூளைக்குள் செலுத்தினார்கள். மூளையில் குறைய வேண்டிய டி.என்.எஃப். உடலிலும் குறைந்தது. இரத்தத்தில் கலந்து போயிருக்கும் என்று சொல்ல முடியாத அளவுக்கு மருந்து சொற்பம். வேகஸ் நரம்பை வெட்டிவிட்டுப் பார்த்தார்கள், விளைவு மறைந்துவிட்டது. அப்படியானால் மருந்தே வேண்டாம், நரம்பை நேரடியாக மின்சாரத்தால் தூண்டினால் என்ன? 2000ஆம் ஆண்டில் வெளியான அந்தச் சோதனையில், பாக்டீரிய நச்சு செலுத்தப்பட்ட எலிகளில் டி.என்.எஃப். குறைந்தது, அதிர்ச்சி நிலையும் தவிர்க்கப்பட்டது. இதயத்தையும் குடலையும் கவனித்துக்கொள்கிறது என்று பாடநூல்கள் சொல்லிவந்த, வேகஸும் சேர்ந்த தன்னியக்க நரம்பு மண்டலம் நோய் எதிர்ப்பிலும் கை வைக்கிறது என்பது பலருக்கும் ஜீரணமாகவில்லை.

செய்தி போகும் பாதை நேரானது அல்ல. வேகஸைத் தூண்டினால், மண்ணீரலுக்குப் போகும் வேறொரு நரம்பு நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அங்குள்ள ஒரு வகை டி செல்கள் (வெள்ளணுக்கள்) அதை உணர்ந்து, வழக்கமாக நரம்புகள் சுரக்கும் அசிட்டைல்கோலினை வெளிவிடுகின்றன. அது டி.என்.எஃப்.பைச் சுரக்கும் பெருவிழுங்கி செல்களின் மேலுள்ள ஏற்பியில் பட்டதும் டி.என்.எஃப். உற்பத்தி தணிகிறது. நரம்பு செய்ய வேண்டிய வேலையை ஒரு வெள்ளணு செய்கிறது என்பதை 2011இல் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. ஆனால் எதிர்க்குரலும் உண்டு. ஆஸ்திரேலியாவில் மெக்காலனும் மார்ட்டெல்லியும் செய்த சோதனைகளில், உடல் இயல்பாக அழற்சியை அடக்குவது வேகஸ் வழியாக அல்ல, வயிற்றுப் பகுதியின் பரிவு நரம்புகள் (தன்னியக்க மண்டலத்தின் இன்னொரு பிரிவு) வழியாக என்று தெரிந்தது. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

நோயாளிக்கு என்ன கிடைத்தது? 2025 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஊசி மருந்துகள் பலன் தராத முடக்குவாத நோயாளிகளுக்காக ஒரு கருவியை அனுமதித்தது. கழுத்தில், இடப்பக்க வேகஸ் நரம்பின் மேல் அறுவை செய்து பொருத்துகிறார்கள். தினமும் ஒரு நிமிடம் தூண்டுகிறது. 242 பேர் பங்கேற்ற ஆய்வில், 12 வாரங்களில் தூண்டல் பெற்றவர்களில் நூற்றுக்கு 35 பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். கருவி உள்ளே இருந்தும் தூண்டல் கொடுக்கப்படாதவர்களில் 24 பேருக்கு. விளம்பரம் செய்கிறவர்கள் இந்த 24ஐச் சொல்ல மாட்டார்கள். வித்தியாசம் உண்மையானது, ஆனால் அடக்கமானது.

இனி, அறுவை இல்லாமலே வேகஸைத் தூண்டும் என்று சொல்லப்படுபவை: ஐஸ் தண்ணீரில் முகம் முக்குவது, ஓங்காரம் இடுவது, காதில் மாட்டும் கருவிகள். மணிக்கட்டில் விரலை வைத்து மெதுவாக மூச்சை இழுத்து விட்டுப் பாருங்கள்: இழுக்கும்போது நாடி சற்று விரைந்து, விடும்போது தளரும். வயது குறைந்தவர்களிடம் நன்றாகவே தெரியும். அது வேகஸின் வேலைதான். ஆனால் ஒரு பக்கத்து வேகஸில் மட்டும் சுமார் ஒரு லட்சம் இழைகள் இருக்கின்றன, பெரும்பாலானவை உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. இதயத்துக்குப் போகும் இழைகள் அசைந்தன என்பதால் மண்ணீரலும் அடங்கிவிட்டது என்று ஆகாது. மூச்சுப் பயிற்சி நானும் செய்கிறேன், தூக்கம் நன்றாக வருகிறது. மூட்டுக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை நிறுத்தவில்லை.