விஸ்துலா கரையில் கசிமியெஷ் டோல்னி

போலந்தின் சிற்றூர்களில் எதைப் பார்த்தால் அந்நாட்டின் வரலாறு புரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். கசிமியெஷ் டோல்னிதான் என் பதில்.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் இங்கிருந்து விஸ்துலா ஆற்றுவழியே தானியம் கிதான்ஸ்க் துறைமுகம் சென்றது. அந்தப் பணம்தான் சந்தைச் சதுக்கத்தில் 1615இல் முடிந்த பிஷிபிவா சகோதரர்களின் சிற்ப வீடுகளாக நிற்கிறது. சுவீடன் படையெடுப்போடு செழிப்பு சரிந்தது; புதிதாகக் கட்டக் காசில்லாததும் பழைய அழகு தப்ப ஒரு காரணம் என்பேன். பின்னாளில் ஓவியர்கள் தேடி வந்தார்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் ஊரில் ஏறக்குறையப் பாதிப்பேர் யூதர்கள். 1942இல் நாஜிகள் அவர்களைக் கொலைமுகாம்களுக்கு அனுப்பினார்கள். யூதர்களின் கல்லறைக் கற்களைப் பெயர்த்துத் தரையில் பாவினார்கள். மீட்ட கற்களால் 1984இல் ஒரு நினைவுச் சுவர் எழுப்பப்பட்டது, நடுவே பெரிய பிளவோடு. சதுக்கத்தில் சேவல் வடிவ ரொட்டி வாங்கியபின், அங்கும் அவசியம் போங்கள்.