மகளுக்கு மானியம் மறுபடியும் கிடைக்குமா?

வணக்கம் அக்கா. மகள் சிங்கப்பூர் நிரந்தரவாசி, பலதுறைத் தொழிற்கல்லூரியில் அரசின் கல்விக் கட்டண மானியம் வாங்கி டிப்ளோமா படித்தவள், அதனால் பல்கலைக்கழகத்தில் மறுபடியும் கிடைக்காதோ என்று பயப்படுகிறீர்கள். பயப்பட வேண்டாம். அதே நிலையிலோ அதற்கு மேலான நிலையிலோ முன்பே அரசு மானியம் வாங்கியிருந்தால்தான் தடை. டிப்ளோமா என்பது பட்டப்படிப்புக்குக் கீழான நிலை. முதல் பட்டத்துக்கு அவள் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் குடிமக்களைப் போல அவளுக்குத் தானாக வந்துவிடாது. கல்வி அமைச்சிடம் விண்ணப்பித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். படிப்பு முடிந்ததும் சிங்கப்பூர் நிறுவனத்தில் 3 ஆண்டு வேலை பார்ப்பது கட்டாயம். ஜாமீன் தருபவர்களும் வேண்டும், அவர்களிடம் இப்போதே பேசிவையுங்கள். டிப்ளோமாவுக்குப் போட்ட ஒப்பந்தத்தை மறந்துவிடாதீர்கள்! மேற்படிப்புக்காக அதன்படி வேலை பார்க்க வேண்டிய காலத்தைத் தள்ளிவைக்கத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

வருமானத்தைப் பார்த்துத் தரும் அரசு உதவித்தொகை குடிமக்களுக்கு மட்டுமே. வருத்தமாகத்தான் இருக்கிறது. சரி, மானியம் கிடைத்துவிட்டால் குடிமக்கள் கட்டும் மானியக் கட்டணத்தில் 90% வரை கல்விக் கட்டணக் கடன் கேட்கலாம். படிக்கும் காலத்தில் வட்டி கிடையாது.