கிராபிக்ஸ் கார்டு வாங்குவதா, சந்தா கட்டுவதா?

கேள்வி: என் பழைய கணினியில் புதிய கேம் எதுவுமே ஓடுவதில்லை. கிராபிக்ஸ் கார்டு விலை கேட்டால் தலை சுற்றுகிறது. மாதச் சந்தா கட்டி ஸ்ட்ரீமிங்கில் விளையாடு, போதும் என்கிறான் நண்பன். அவன் பேச்சைக் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். ஸ்ட்ரீமிங்கில் கேம் ஓடுவது ஒரு கம்பெனியின் மெஷினில், உங்கள் திரைக்கு வருவது அதன் வீடியோ மட்டும்தான். ஆனால் வாடகைக்கு எடுப்பது மெஷினாக மட்டும் இருக்கட்டும், கேமும், ஆடியது வரை பதிந்து வைக்கும் சேவ் ஃபைலும் அந்தக் கம்பெனி கையில் மாட்டிக்கொள்ள வேண்டாம். 2010-ல் வந்த ஆன்லைவ் என்ற ஸ்ட்ரீமிங் சேவையை 2015-ல் மூடியபோது, அங்கே காசு கொடுத்து வாங்கிய கேம்களும் சேர்ந்தே போய்விட்டன. 2019-ல் வந்த இன்னொரு சேவையான கூகுள் ஸ்டேடியாவை 2023 ஜனவரியில் மூடினார்கள். கேமுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வளர்த்த கேரக்டரை சில கேம்களில் வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை, அதற்கு யார் ஈடு தருவது?

ஜீஃபோர்ஸ் நவ் மாதிரி சேவைகளில், ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் நீங்கள் வாங்கிய கேமைத்தான் அவர்கள் மெஷினில் ஓட்டுகிறீர்கள், சந்தாவை நிறுத்தினாலும் கேம் உங்கள் ஸ்டீம் கணக்கிலேயே இருக்கும். என்னைக் கேட்டால் இதுதான் சரியான ஏற்பாடு. எல்லா கேமும் அதில் கிடைக்காது, மாதம் 100 மணி நேரம் என்ற வரம்பும் உண்டு, அதனால் உங்கள் கேம் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் லேக், அதாவது பட்டனை அழுத்தியதற்கும் திரையில் அது தெரிவதற்கும் நடுவே வரும் தாமதம். நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) ஓடும் கேமில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 17 மில்லிசெகண்ட். நீங்கள் பட்டனை அழுத்தியது சர்வருக்குப் போய், அங்கே படம் உருவாகி, வீடியோவாகச் சுருங்கித் திரும்பி வர 50 மில்லிசெகண்ட் கூடினாலே மூன்று ஃபிரேம் தாமதம், குதிக்க வேண்டிய ஆள் விளிம்பைத் தாண்டி விழுந்திருப்பான். நிதானமாக ஆடும் கேமில் இது தெரியவே தெரியாது, சண்டை கேமிலும் துப்பாக்கி கேமிலும் எரிச்சல்தான் மிஞ்சும்.

டேட்டாவையும் கவனியுங்கள். 4கே தரத்துக்கு ஸ்டேடியா கேட்ட நெட் வேகம் நொடிக்கு 35 மெகாபிட், அந்த வேகத்தில் முழுசாக ஓடினால் மணிக்கு 15 ஜிபிக்கு மேல் கரையும்.

ஆகவே இப்போதைக்கு கார்டு வாங்க வேண்டாம். வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள் செருகி, ஜீஃபோர்ஸ் நவ்வின் இலவசத் திட்டத்தில் நீங்கள் அதிகம் ஆடும் கேமையே, வீட்டில் எல்லோரும் நெட் பயன்படுத்தும் நேரத்தில் ஆடிப் பாருங்கள். அப்போதும் கைக்கு ஒத்துவந்தால் சந்தா கட்டுங்கள், அதுவும் மாதாமாதம், வருடச் சந்தா வேண்டாம்.